பரணில் கிடக்கும் செஸ் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்



போன மாதம் என் மேசையில் திறந்து கிடந்த ஒரு பெட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "சார், இது பழைய ரேடியோவா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். "பெரியப்பா, போன்லயே செஸ் விளையாடலாமே, இதைப் போய் ஏன் நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தவணையில் படியுங்கள். பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது செஸ் ஆடுவதற்கென்றே செய்த கணினி. 1977இல் கடைகளுக்கு வந்தது. 1990களின் நடுப்பகுதி வரை நன்றாக விற்றது. ஒரு சதுரங்கப் பலகை, அதற்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். டிவி போலத் திரை கிடையாது. கால்குலேட்டரில் இருப்பது போல நான்கு எழுத்து காட்டும் சின்ன ஜன்னல் இருக்கும். நீங்கள் ஒரு காயை நகர்த்திவிட்டு, எங்கிருந்து எங்கே நகர்த்தினீர்கள் என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி யோசிக்கும். பிறகு "என் குதிரையை இங்கிருந்து எடுத்து அங்கே வை" என்று விளக்கு எரிந்து உத்தரவு வரும். அதன் காயையும் நீங்கள்தான் நகர்த்த வேண்டும். அது ஜமீன்தார், நீங்கள் ஆள்.

இந்த ஆசை மனிதனுக்குப் புதிது அல்ல. 1770இல் வியன்னா அரசவையில் கெம்பலன் என்பவர் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். துருக்கியர் உடையில் ஒரு மரப்பொம்மை, முன்னால் ஒரு பெட்டி, அதன்மேல் சதுரங்கப் பலகை. பொம்மை தானே காய் நகர்த்தி எதிரியை ஜெயித்தது. ஐரோப்பா முழுவதும் வாயைப் பிளந்து பார்த்தது. பெட்டிக்குள் நன்றாக ஆடத் தெரிந்த ஓர் ஆள் மடங்கி உட்கார்ந்திருந்தார் என்பதுதான் ரகசியம். 1854இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு தீ விபத்தில் அந்தப் பொம்மை எரிந்து போயிற்று.

ஏமாற்று இல்லாத முதல் இயந்திரத்தை ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவெடோ 1912இல் செய்தார். அதற்கு முழு ஆட்டம் தெரியாது. ராஜாவும் யானையும் அதனிடம், தனி ராஜா மட்டும் எதிரியிடம். இந்த ஒரு முடிவை மட்டும் பிசகாமல் ஆடி ஜெயிக்கும். உள்ளே இருந்தவை மின்காந்தங்களும் கம்பிகளும்தான். பிறகு 1950இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர், கணினிக்கு எப்படிச் செஸ் சொல்லிக் கொடுப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பாதையில்தான் பிற்பாடு பல செஸ் நிரல்களும் நடந்தன.

அவர் சொன்னது என்ன? திண்ணையில் ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். நான் இங்கே வைத்தால் அவன் எங்கே வைப்பான்? அவன் அங்கே வைத்தால் நான் என்ன செய்வேன்? இப்படி நாலைந்து படி முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மதிப்பெண் போட வேண்டும். எதிரி எனக்கு மிகவும் கெடுதலானதைத்தான் தேர்ந்தெடுப்பான் என்று வைத்துக்கொண்டு, அதிலும் எனக்கு அதிக மதிப்பெண் மிஞ்சுகிற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டிக்குள் நடப்பதும் இதுதான். "யோசிக்கிறது" என்று நாம் சொல்வது, சலிப்பே இல்லாமல் கூட்டிக் கழித்துப் பார்ப்பது.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சிட் சமோல். அமெரிக்காவின் ஃபிடெலிட்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அவருடையது. காது கேளாதவர்களுக்கான கருவிகள் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. அங்கிருந்து 1977இல் செஸ் சேலஞ்சர் வெளிவந்தது. முதல் மாடலில் ஒரு வேடிக்கை: செஸ்ஸில் நெடுவரிசைக்கு எழுத்து, குறுக்குவரிசைக்கு எண் என்பது உலக வழக்கம். அந்தப் பெட்டியில் இரண்டும் இடம் மாறியிருந்தன. அடுத்த மாடல்களில் திருத்திக்கொண்டார்கள். 1980இல் லண்டனில் சிறு கணினிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது ஃபிடெலிட்டியின் பெட்டிதான் வென்றது. அதன் நிரலை எழுதியவர்கள் டான், கேத் ஸ்பிராக்லென் என்ற கணவன் மனைவி.

நம் ஊர் அப்போது எங்கே இருந்தது?

செஸ்ஸில் நாம் பின்தங்கி இருந்தோம் என்று சொல்ல முடியாது. நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர்; இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகத் தலபுராணம். புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் தமிழ்நாட்டுக்காரர். மானுவல் ஆரோன் 1961இல் அந்தப் பட்டம் பெற்றார். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியதும் அவர் முயற்சியில்தான். ஆறு வயதில் அம்மாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் அங்கே போய் ஆடித்தான் வளர்ந்தார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டில் தனியாக உட்கார்ந்து பெட்டியோடு ஆடிய அதே ஆண்டுகளில், நம் பிள்ளைகள் கிளப்பில் ஆளோடு ஆள் உட்கார்ந்து ஆடினார்கள். நம்மிடம் பெட்டி இல்லாததற்குக் காரணம் எளிது. வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கு இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலம். கடையில் கேட்டால் கிடைக்காது. யாராவது துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டி படுக்கையோடு கொண்டுவந்தால் உண்டு. டேப்ரெக்கார்டர், கைக்கடிகாரம், கோடாலி தைலத்தோடு அபூர்வமாக ஒரு செஸ் பெட்டியும் வரும். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை என் கண்ணில் பட்ட பெட்டிகள் எல்லாம் அப்படி வந்தவையே. மொத்தம் ஒன்பது பார்த்திருக்கிறேன். ஆறு என் கையில் பழுதுக்கு வந்தன.

அந்தப் பெட்டிகளின் மூளைக்கும் நம் பள்ளிகளுக்கும் ஓர் உறவு உண்டு. 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி கொடுத்தது. அதன் மூளை 6502 என்ற ஐ.சி. ஃபிடெலிட்டி, நோவாக் நிறுவனங்களின் பல செஸ் பெட்டிகளுக்கும் அதே 6502தான் மூளை. எங்கள் பள்ளிக்கு அந்தக் கணினி வரவில்லை. ஆனால் ஒரு மாணவன் வீட்டுச் செஸ் பெட்டியைத் திறந்தபோது அந்த எண்ணை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். "கம்ப்யூட்டர்" என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்தவனுக்கு, விரல் நீளத்தில் நாற்பது கால்களோடு அது ஒரு பூரான் மாதிரி உட்கார்ந்திருந்தது.

1980களில் இந்தப் பெட்டிகள் வேகமாகக் கெட்டிக்காரத்தனம் பெற்றன. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஹெகனர் கிளாசர் நிறுவனம் மெஃபிஸ்டோ என்ற பெயரில் செய்தவை உச்சம். ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேயர் அவற்றுக்கு நிரல் எழுதினார். ரோம், அல்மேரியா, போர்ட்டோரோஸ், லியோன் என்று எந்த ஊரில் உலகப் பட்டம் வென்றதோ அந்த ஊரின் பெயரை மாடலுக்குச் சூட்டினார்கள். நம் ராஜாக்கள் "கடாரம் கொண்டான்" என்று பட்டம் சூடியது போலத்தான். ஹாங்காங்கின் சாய்டெக் நிறுவனம் உலக சாம்பியன் காஸ்பரோவின் பெயரைப் பெட்டியில் அச்சிட்டு விற்றது.

பிறகு சரிவு. வீட்டுக்கு வீடு கணினி வந்தது. ஒரே இயந்திரத்தில் கடிதமும் தட்டலாம், செஸ்ஸும் ஆடலாம் என்றால் தனிப்பெட்டியை யார் வாங்குவார்கள்? 1989இல் ஃபிடெலிட்டியை ஹெகனர் கிளாசர் வாங்கியது. 1994இல் ஹெகனர் கிளாசரை சாய்டெக் வாங்கியது. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ, காஸ்பரோவை 3.5க்கு 2.5 என்று தோற்கடித்தது. அது நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய ராட்சதன். அதன் பிறகு இயந்திரத்தால் மனிதனை வெல்ல முடியுமா என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. நம் ஊர்ப் பெட்டிகள் பரணுக்கு ஏறின.

இனி பழுதுபார்ப்புக் கதை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். பொறியியல் படித்தவன் அல்லன். சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் செங்கல்பட்டில் ரேடியோ கடை வைத்திருந்த ஒரு பெரியவர். சாயங்காலம் ரயிலுக்கு நேரம் இருந்தால் அவர் கடை ஸ்டூலில் உட்காருவேன். "வாத்யாரே, ஐ.சி. போச்சுன்னு மொதல்ல சொல்றவன் மெக்கானிக் இல்ல. கரண்ட் வருதா பாரு, அப்புறம் பேசு" என்பார். இத்தனை வருடத்தில் அந்த வாக்கு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

செஸ் பெட்டி பெரும்பாலும் சாவது மூளைக் கோளாறால் அல்ல. உள்ளேயே விட்டுவிட்ட பேட்டரியால்தான். வருடக்கணக்கில் கிடக்கும் பேட்டரி கசிந்து, தகட்டைத் தின்று, சர்க்யூட் போர்டு வரை இறங்கும். ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் அது காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு போகும். பழைய சாதா பேட்டரி கசிந்தால் அது அமிலம். அதற்குச் சமையல் சோடாக் கரைசல். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம். ஏழாம் வகுப்பில் லிட்மஸ் தாளை வைத்துக்கொண்டு கத்தினேனே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

இரண்டாவது எதிரி நம் கடற்காற்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரித்ததால்தான் சுற்றிலும் சவுக்கு நட்டுக் காற்றைத் தடுத்தார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் செம்புக் கம்பிக்குச் சொல்லவா வேண்டும்? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்த வீட்டிலிருந்து வந்த பெட்டியானாலும் ஐ.சி. கால்களில் பச்சை பூத்திருக்கும். ஐ.சி.யை அதன் சாக்கெட்டிலிருந்து மெதுவாகக் கழற்றி, கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்தி உட்காரவைத்தாலே உயிர் வந்த பெட்டிகள் இரண்டு. (ஆமாம், இந்தப் பட்டினத்தின் பெயரிலேயே சதுரங்கம் இருக்கிறது. சட்ராஸ் என்று டச்சுக்காரர்கள் சொன்ன ஊர். கோட்டை இன்னும் நிற்கிறது.)

மூன்றாவது, அடாப்டர். சில பெட்டிகளுக்கு முனையின் நடுப்பகுதி நேர்மின், சிலவற்றுக்கு எதிர்மின். மாற்றிச் செருகினால் போயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230இல் செருகினால் புகைதான் வரும். அப்படி வந்த பெட்டியில் பெரும்பாலும் 7805 என்ற ரெகுலேட்டரும், உப்பிப் போன கண்டென்சரும்தான் பலி. இரண்டும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. நிரலை வைத்திருக்கும் ஐ.சி. சில மாடல்களில் அது ஈப்ராம் வகை. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்து வெயிலில் வைத்தால் புறஊதாக் கதிர் பட்டு நாளடைவில் நினைவு அழிந்துவிடும். பிய்க்காவிட்டாலும் பல பத்தாண்டுகளில் உள்ளே தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும். மற்ற எது போனாலும் வாங்கலாம். நிரல் அழிந்தால் அந்தப் பெட்டி செஸ்ஸையே மறந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே படித்து நகல் எடுத்து வைத்தால்தான் உண்டு.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பீர்கள். ஒரு பெட்டியின் கதையைச் சொல்கிறேன்.

என் மாணவர் ஒருவர். இப்போது ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியில் படிக்கும்போதே பார்வை மங்கத் தொடங்கி, இருபது வயதுக்குள் முழுவதும் போய்விட்டது. பார்வையற்றோருக்கான சதுரங்கப் பலகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை, ஒவ்வொரு காயிலும் அடியில் ஆணி. கறுப்புக் காய்களின் தலையில் தனி அடையாளம். விரலால் தடவியே முழு ஆட்டத்தையும் பார்ப்பார்கள். நகர்த்தியதை வாயால் சொல்வார்கள். உலகப் போட்டிகளில் எழுத்துகள் காதில் குழம்பாமல் இருக்க ஆனா, பெல்லா, சீசர், டேவிட் என்று பெயர் சொல்லி அழைப்பது விதி.

அவருக்கு அவருடைய அண்ணன் துபாயிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஃபிடெலிட்டியின் வாய்ஸ் செஸ் சேலஞ்சர், 1979இல் வெளிவந்த மாடல், பேசும் பெட்டி. அழுத்திய பொத்தானைச் சொல்லும், தன் நகர்வையும் சொல்லும். அமெரிக்க ஆங்கிலம், மூக்கடைத்த குரல். அந்தக் குரலுக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதைப் பேசவைக்கும் ஐ.சி. முதலில் பார்வையற்றோருக்கான பேசும் கால்குலேட்டருக்கென்று 1970களின் நடுவில் உருவானது. பிறகுதான் செஸ் பெட்டிக்குள் போயிற்று. பார்வையற்றவருக்காகப் பிறந்த குரல், ஊர் சுற்றி, நம் கடற்கரையில் ஒரு பார்வையற்ற பையன் கைக்கே வந்து சேர்ந்தது. செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சில வருடங்களுக்கு முன் அது ஊமையாகிவிட்டது. விளக்கு எரிகிறது, ஆட்டமும் நடக்கிறது, குரல் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது பாதிப் பழுது. அவருக்கு முழுப் பழுது. வீட்டில் "அதான் போன் இருக்கே, இதை எடைக்குப் போட்டுடலாம்" என்றார்கள். போன் திரையை வாசித்துச் சொல்லும் வசதி வந்துவிட்டது உண்மைதான். அவர் அதைத் தினமும் பயன்படுத்துகிறார். இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"சார், போன் எல்லாத்தையும் பேசுது. மெசேஜ் பேசுது, விளம்பரம் பேசுது, பேங்க் பேசுது. இது என்கிட்ட செஸ் மட்டும்தான் சார் பேசும்."

திறப்பதற்குள் எனக்குக் கை நடுங்கியது உண்மை. பேசும் ஐ.சி. போயிருந்தால் நான் எங்கே போவேன்? தயாரிப்பு நின்று பல பத்தாண்டு ஆகிவிட்டது. ரேடியோ கடைப் பெரியவர் சொன்னபடி முதலில் கரண்ட் பார்த்தேன். சரியாக வந்தது. ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தேன், சுருள் அறுந்திருந்தது. காகிதக் கூம்பும் உப்புக் காற்றில் உளுத்துப் போயிருந்தது. அதே அளவு ஸ்பீக்கர் தேடிப் போட்டேன். சத்தம் வந்தது, ஆனால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல. ஒலிப் பகுதியின் கண்டென்சர்களை மாற்றினேன். மூன்றாவது முறை அவர் வந்தபோது பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். குரல் தெளிவாக வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுத் திண்ணையிலேயே ஓர் ஆட்டம் ஆடி, தோற்றுவிட்டுத்தான் கிளம்பினார். போகும்போது "அடுத்த வாரம் இதை அடிக்கிறேன் சார்" என்றார்.

அந்த ஸ்பீக்கர் போகாமல் ஐ.சி. போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அடுத்த முறை அப்படியும் முடியலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் போன் ரீசார்ஜ் கடை. எனக்கும் கண்ணாடியோடு சேர்த்துப் பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கிறது. உதிரிப்பாகம் ஒரு பக்கம் தீர்கிறது, கை ஒரு பக்கம் தீர்கிறது.

சரி, நம் மாமல்லபுரத்துக்கு வருவோம். 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் அங்கிருந்து விலக்கப்பட்டு, மார்ச் மாதம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. சில மாதங்களில் ஏற்பாடு செய்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்தது. பூஞ்சேரியில் 180க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள். வேட்டி கட்டிய குதிரை "தம்பி"யை மறந்திருக்க மாட்டீர்கள். ஓபன் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம். இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம். அதில் முதல் பலகையில் தனிநபர் தங்கம் வென்ற 16 வயது குகேஷ், 2024 டிசம்பரில் உலக சாம்பியனும் ஆனார். பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது எந்த நாடு தெரியுமா? உக்ரைன். நம் பெண்கள் அணிக்கு வெண்கலம்.

அங்கே ஆட்டங்கள் உலகம் முழுவதும் நேரலையில் போயின. யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை. பலகையே சொன்னது. அந்த மின்னணுப் பலகையின் அடியில் கம்பிச் சுருள்கள், ஒவ்வொரு காயின் வயிற்றிலும் ஒரு சுருள். ராஜாவுக்கு ஓர் அதிர்வெண், குதிரைக்கு வேறு. எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று பலகை உணர்ந்துகொள்ளும். இதற்குத் தாத்தா நம் பரண் பெட்டிகளில் உண்டு. மெஃபிஸ்டோவின் மரப்பலகை மாடல்களில் காயின் அடியில் காந்தம், கட்டத்தின் அடியில் ரீட் சுவிட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழல். காந்தம் வந்தால் உள்ளே இரு தகடுகள் தொட்டுக்கொள்ளும், எடுத்தால் விலகும். என்ன காய் என்று அதற்குத் தெரியாது. எடுத்தார்கள், வைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இதை ஏன் விளக்குகிறேன் என்றால், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிற கடைசித் தலைமுறை இயந்திரங்கள் இவை. மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள், பாதியில் நின்ற குகைகள். அவற்றில் சிலவற்றில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிப் பிரித்து, ஒவ்வொரு சதுரமாக உடைத்து எடுத்த தடம் தெரியும். முடித்த கோயிலைப் பார்த்து வியக்கலாம். முடிக்காததைப் பார்த்தால்தான் எப்படிச் செய்தார்கள் என்று தெரியும். உங்கள் கையில் உள்ள போன் முடித்த கோயில். திறக்க முடியாது, திறந்தாலும் ஒன்றும் தெரியாது. இந்தப் பெட்டியைத் திறந்தால் இது மூளை, இது நினைவு, இது வாய், இது கை என்று பத்து வயதுக் குழந்தைக்கு விரல் வைத்துக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, வாத்தியாராகச் சொல்கிறேன். போனில் இருக்கும் செஸ் நிரல் முழு பலத்தில் ஆடினால் உலக சாம்பியனும் தோற்பார். சுலபமாக ஆடச் சொன்னால் வேண்டுமென்றே தப்பாக ஆடுவது போலத்தான் பல நேரம் தோன்றும். குழந்தைகளுக்கு அது புரிந்துவிடும். பழைய பெட்டி அப்படியல்ல. தன்னால் முடிந்தவரை ஆடிப் பார்த்து, நாலு படிக்கு மேல் கண் தெரியாமல் மாட்டிக்கொண்டு தோற்கும். அதை ஜெயிக்கிற குழந்தைக்கு அது நிஜமான வெற்றி. எது வரை எதிரிக்குத் தெரிகிறது, எங்கே தெரியாமல் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் செஸ்ஸில் முக்கியப் பாடம்.

ஆகவே என் வேண்டுகோள் இவை.

உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவோ மாமாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செஸ் பெட்டி இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்து வெளியே போடுங்கள். இந்த ஒரு காரியமே அதற்கு இன்னும் பத்து வருட ஆயுள் கொடுக்கும்.

கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்க்காதீர்கள். பெட்டியின் பின்பக்கம் எத்தனை வோல்ட், நடுமுனை நேரா எதிரா என்று அச்சிட்டிருக்கும். படித்துவிட்டுச் செருகுங்கள். ஐ.சி. முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். காய் ஒன்று காணாவிட்டால் மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். காந்தம் வைத்து மரத்தில் கடைந்து கொடுக்க இங்கே ஆசாரிகள் இருக்கிறார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் படித்த என் பழைய மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களில் யாரிடமாவது ஈப்ராம் படித்து நகல் எடுக்கும் கருவி இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பேசும் பெட்டியின் நிரலை நகல் எடுத்து வைக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்த வகை ஐ.சி. என்றும் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அது என் படிப்புக்கு மேலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மதியச் சாப்பாடு என் வீட்டில்.

காயலான் கடையில் அதற்கு எடை பார்த்துத்தான் காசு தருவார்கள். பிளாஸ்டிக் என்ன விலையோ அதுதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்